மெர்க்காட்டரின் உலகப்படம் – ஓர் இறையியல் திறனாய்வு

திருமறைப் பகுதி ஒன்றை விளக்கப் புகும்போது நாம் சில கேள்விகளை எழுப்பிப் பழகியிருக்கிறோம். இதனை எழுதியவர் யார்? யாருக்காக எழுதினார்? எத்தேவையை முன்னிட்டு எழுதினார்? எதனை வலியுறுத்துகிறார்? எதனைக் கூறாது விடுகிறார்? இக்கேள்விகளைக் கேளாமல் செய்யப்படும் விளக்கம் விளக்கமாகாது என்பது இறையியல் கல்வியின் அரிச்சுவடி. ஆயினும் நம் வகுப்பறைச் சுவர்களிலும் திருச்சபை அலுவலகங்களிலும் அருட்பணிச் சங்கங்களின் அறிக்கைகளிலும் காணப்படும் உலகப்படத்தை நோக்கி நாம் இவற்றைக் கேட்பதில்லை. உலகம் அவ்வாறே இருக்கிறது என்று எண்ணிக் கடந்து செல்கிறோம்.

நெடுங்காலமாக அச்சுவர்களில் தொங்கிய படங்களுள் பல, 1569-ஆம் ஆண்டில் கெரார்டு மெர்க்காட்டர் என்னும் பிளாண்டர்ஸ் நாட்டு அறிஞர் வெளியிட்ட உலகப்படத்தின் வழிவந்தவை. அப்படத்தைப் பற்றி இருவகைத் தீர்ப்புகள் வழங்கிவருகின்றன. அது மனித அறிவின் மாபெரும் சாதனை என்பது ஒன்று. தென்னாட்டு மக்களைச் சிறுமைப்படுத்திய ஆதிக்கத்தின் கருவி என்பது மற்றொன்று. இவ்விரண்டாவது தீர்ப்பைத் திருச்சபைகள் பலவும் 1970-களிலிருந்து ஏற்றுப் பரப்பியுள்ளன. ஆகவே இது புவியியலார்க்கு மட்டும் உரிய வழக்கன்று, நமக்கும் உரியது. மேற்சொன்ன இரு தீர்ப்புகளும் அப்படத்தின் தலைப்பை வாசியாமலே எழுதப்பட்டவை என்பதே நம் கருத்து. அதனை நிறுவ முற்படுகிறோம்.

1. நடுவில் எருசலேம்

மெர்க்காட்டருக்கு முற்பட்ட கிறிஸ்தவ உலகப்படங்களைக் குறைத்து மதிப்பிடுவது எளிது. ஏறத்தாழ 1300-ஆம் ஆண்டில் வரையப்பட்டு இன்றும் இங்கிலாந்தின் ஹெரிபோர்டு பேராலயத்தில் உள்ள படத்தில் கிழக்குத் திசை மேலே உள்ளது. எருசலேம் நடுவில் உள்ளது. உச்சியில் ஏதேன் தோட்டம் அமைந்துள்ளது. எசேக்கியேல் 5:5-இன் நேர்ப்பொருளை வரைந்து காட்டிய படம் அது. ஜெர்மனியின் எப்ஸ்டார்ஃப் மடத்தில் இருந்த 13-ஆம் நூற்றாண்டுப் படமோ இன்னும் ஒரு படி மேற்சென்றது. உலகத்தின் உச்சியில் கிறிஸ்துவின் தலையும், இருபுறமும் அவர் கைகளும், கீழே அவர் பாதங்களும் வரையப்பட்டிருந்தன. அம்மூலப்படம் 1943-இல் ஹானோவர் நகரின்மீது நிகழ்ந்த குண்டுவீச்சில் அழிந்துபோயிற்று.

இப்படங்களைக் கையில் கொண்டு எவரும் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்ல முடியாது. எனினும் இவை பொய்யான படங்கள் அல்ல. மீட்பின் வரலாறு எங்கு தொடங்கி எங்கு முடிகிறது, உலகம் யார் கையில் இருக்கிறது என்பவற்றைக் கற்பிப்பதே இவற்றின் நோக்கம். அந்நோக்கத்தில் இவை வெற்றி பெற்றன. இம்மரபு சீர்திருத்தத்தோடு மறைந்துவிடவும் இல்லை. ஹென்ரிக் பியூண்டிங் என்னும் லுத்தரன் போதகர் 1581-இல் வெளியிட்ட திருமறைப் பயண நூலில், ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா ஆகிய மூன்றும் ஒரு பூவின் மூன்று இதழ்களாகவும், எருசலேம் அவை கூடும் நடுவிடமாகவும் காட்டப்பட்டன. மெர்க்காட்டரின் உலகப்படம் வெளிவந்து 12 ஆண்டுகள் கழிந்த பின்னரே இது வெளிவந்தது. அதே நூலில் வழக்கமான முறையில் வரைந்த நிலப்படங்களும் இருந்தன. உலகின் வடிவம் அறியாமல் பூவை வரைந்தவர் அல்லர் பியூண்டிங். ஒரு படம் ஒரு நோக்கத்திற்கு, மற்றொரு படம் மற்றொரு நோக்கத்திற்கு என்பதை அவர் தெளிவாக அறிந்திருந்தார்.

2. சிறையிலிருந்த படவரைவாளர்

மெர்க்காட்டர் 1512-ஆம் ஆண்டு மார்ச் 5-ஆம் நாள் ரூப்பல்மோண்டெ என்னும் சிற்றூரில் பிறந்தார். எளிய குடும்பம், தந்தை செருப்புத் தைப்பவர். பொதுவாழ்வுச் சகோதரர் என்னும் பக்திக் குழுவினரிடம் பள்ளிக்கல்வி பெற்றார். பின்னர் லூவேன் பல்கலைக்கழகத்தில் பயின்று, கெம்மா பிரிசியஸ் என்னும் கணித அறிஞரோடு சேர்ந்து புவிக்கோளங்களும் கருவிகளும் செய்யக் கற்றார்.

அவர் தம் பெயரில் வெளியிட்ட முதல் நிலப்படம் எது என்பதை இறையியல் மாணவர் அறிதல் வேண்டும். 1537-இல் ஆறு தாள்களில் வெளிவந்த திருநாட்டுப் படம் அது. பழைய, புதிய ஏற்பாடுகளை விளங்கிக்கொள்ள உதவுவதே அதன் நோக்கம். இஸ்ரவேலர் எகிப்திலிருந்து புறப்பட்டு வந்த வழியும் அதில் வரையப்பட்டுள்ளது. திருமறையோடு நிலப்படத்தை இணைக்கும் வழக்கம் சீர்திருத்த இயக்கத்தோடு நெருங்கிய தொடர்புடையது. சூரிச் நகரில் கிறிஸ்டோபர் பிரோஷவர் 1525-இல் அச்சிட்ட பழைய ஏற்பாட்டிலேயே நிலப்படம் முதன்முதலாக இடம்பெற்றது. அப்படம் அச்சில் இடவலம் மாறிப்போனதால் மத்தியதரைக் கடல் பாலஸ்தீனத்திற்குக் கிழக்கே அமைந்துவிட்டது. அச்சுப்பிழை அவ்வாறு இருப்பினும், மீட்பின் நிகழ்ச்சிகள் உண்மையான மண்ணில் நிகழ்ந்தவை என்று வாசகருக்கு உணர்த்தும் ஆர்வம் அதில் தெரிகிறது. அதே ஆர்வம் மெர்க்காட்டரிடமும் இருந்தது.

1544-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் லுத்தரின் கொள்கையைச் சார்ந்தவர் என்னும் குற்றச்சாட்டின்பேரில் கைதுசெய்யப்பட்டு, தாம் பிறந்த ஊரின் கோட்டையிலேயே ஏறத்தாழ ஏழு மாதங்கள் சிறை வைக்கப்பட்டார். அதே வேட்டையில் பிடிபட்டோர் சிலர் கொல்லப்பட்டனர். பல்கலைக்கழகத்தாரும் பங்குக்குருவும் அவருக்காகப் பரிந்து பேசினர். அவர் உயிர் தப்பினார். 1552-இல் அவர் குடும்பத்தோடு ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகருக்குக் குடிபெயர்ந்தார். கிளீவ்ஸ் பிரபு வில்லியமின் ஆட்சியில் சமய நெருக்கடி குறைவாக இருந்த இடம் அது. தம் சமய நிலையை விளக்கும் அறிக்கை எதனையும் அவர் வெளியிடவில்லை. ஆதலால் அவரைச் சீர்திருத்தச் சபையின் வீரராகக் கொண்டாடுவது முறையன்று. ஆனால் ஒன்று கூறலாம்: கருத்து வேறுபாட்டிற்காக மனிதரைக் கொல்லும் உலகத்தை அவர் அண்மையில் கண்டவர். உலகெங்கும் ஆணை செலுத்தும் பேரரசர் ஒருவரின் செருக்கை அவருடைய படத்தில் காண்போர் இதனையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

3. 1569-ஆம் ஆண்டின் படம்

டூயிஸ்பர்க்கில் வெளியான உலகப்படம் 18 தாள்களால் ஆனது. இணைத்தால் ஏறத்தாழ இரண்டு மீட்டர் அகலம் வரும். அதன் நீண்ட இலத்தீன் தலைப்பு, இது கடற்பயணம் செய்வோரின் பயனுக்கேற்பத் திருத்தி அமைக்கப்பட்ட புதிய விரிவான உலக விவரணம் என்று அறிவிக்கிறது. நம் திறனாய்வு முழுவதும் இத்தலைப்பையே சார்ந்துள்ளது.

மாலுமிக்கு என்ன தேவை? திசைகாட்டியின் முள்ளை நோக்கி ஒரே கோணத்தில் கப்பலைச் செலுத்தினால் எங்குச் சென்றடைவோம் என்பதை அவன் அறியவேண்டும். உருண்டையான பூமியின்மேல் அத்தகைய ஒருதிசைப் பாதை வளைந்து வளைந்து துருவத்தை நோக்கிச் சுருளும். அதனைத் தாளில் நேர்கோடாக ஆக்குவதே மெர்க்காட்டரின் சிக்கல். பூமியில் தீர்க்கரேகைகள் துருவத்தில் வந்து கூடுகின்றன. அவர் அவற்றைச் சம இடைவெளியுள்ள இணைகோடுகளாக நிறுத்தினார். இதனால் துருவத்தை நெருங்க நெருங்க நிலம் கிழக்கு மேற்காக இழுபடுகிறது. அந்த இழுபாட்டின் அளவிற்கே அட்சரேகைகளுக்கு இடையிலுள்ள தூரத்தையும் அவர் படிப்படியாகப் பெருக்கினார். அப்போது ஒவ்வோர் இடத்திலும் கோணம் காக்கப்படுகிறது. ஒருதிசைப் பாதை நேர்கோடாகிறது. இதற்குரிய கணித அட்டவணைகளை எட்வர்டு ரைட் என்னும் ஆங்கிலேயர் 1599-இல் வெளியிட்டார். மெர்க்காட்டர் இவ்வமைப்பைக் கண்டது அதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்.

கோணத்தைக் காத்ததற்கு விலை பரப்பளவு. 60-ஆம் பாகையில் நீளம் இருமடங்காகிறது. பரப்பு நான்கு மடங்காகிறது. 80-ஆம் பாகையிலோ பரப்பு 30 மடங்குக்கும் மேற்படுகிறது. ஆப்பிரிக்காவின் பரப்பு ஏறத்தாழ 3 கோடி சதுர கிலோமீட்டர். கிரீன்லாந்தின் பரப்பு ஏறத்தாழ 22 இலட்சம். பதினான்கில் ஒரு பங்கான கிரீன்லாந்து, இப்படத்தில் ஆப்பிரிக்காவோடு ஏறத்தாழச் சமமாக நிற்கிறது. கிரீன்லாந்தைவிடப் பெரிய நாடாகிய இந்தியா அதன் அருகில் சிறு துண்டாகத் தோன்றுகிறது.

இக்குறையை மெர்க்காட்டர் மறைத்தாரா? மறைக்கவில்லை. அட்சரேகை இடைவெளிகளைத் துருவங்களை நோக்கி ஏன் பெருக்கினார் என்பதைப் படத்தின்மேலேயே எழுதிவைத்தார். இம்முறையில் துருவத்தைக் காட்டவே முடியாது, இடைவெளி முடிவின்றிப் பெருகும் என்பதையும் எழுதினார். அதற்காகவே வடதுருவத்திற்குத் தனியானதொரு வட்டப்படத்தை மூலையில் சேர்த்தார். தம் கருவி எங்கே பயன்படாது என்பதைக் கருவியின்மேலேயே பொறித்த நேர்மை இது. நம் இறையியல் நூல்களில் இத்தகைய குறிப்புகளைத் தேடினால் அரிதாகவே கிட்டும்.

ஆயினும் மெர்க்காட்டரிடம் நாம் காணும் உண்மையான குறை வேறொன்று. வெற்றிடத்தைத் தாங்கிக்கொள்ள அவரால் இயலவில்லை. அந்த வடதுருவப் படத்தில் நடுவே ஒரு கரும்பாறை நிற்கிறது; அதனைச் சூழ்ந்து நான்கு நிலங்கள்; அவற்றிடையே கடல்நீர் உள்நோக்கிப் பாய்ந்து பூமிக்குள் இறங்குகிறது. ஒரு பழைய பயணக்கதையை நம்பி வரைந்த காட்சி இது. தெற்கிலோ, எவரும் கண்டிராத பெருங்கண்டம் ஒன்று படத்தின் அடிப்பகுதி முழுவதையும் நிரப்புகிறது. வடக்கிலுள்ள நிலத்திற்கு ஈடாகத் தெற்கிலும் நிலம் இருந்தாக வேண்டும் என்னும் எண்ணத்தின் விளைவு அது. அத்தகைய பெருங்கண்டம் இல்லை என்பதை ஜேம்ஸ் குக் 1772 முதல் 1775 வரை செய்த கடற்பயணமே உறுதிப்படுத்தியது. கங்கையைப் பற்றிய அவர் முடிவும் இத்தகையதே. தாலமியின் பண்டைய நூலோடு புதிய செய்திகளை ஒத்துப்போகச் செய்யும் முயற்சியில், பண்டையோர் கூறிய கங்கை சீனாவின் கான்டன் நகரை அடுத்துக் கடலில் கலக்கும் ஆறே என்று அவர் வாதிட்டார். போர்ச்சுகீசியர் வங்காளத்திற்கு வந்துபோய்க் கொண்டிருந்த காலம் அது. கண்ட சான்றைவிடப் பழைய நூலின் அதிகாரம் அவரை ஆட்கொண்டது.

ஆகவே இப்படத்தில் இருவகைப் பிழைகளை நாம் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று, ஒரு நோக்கத்திற்காக வேண்டுமென்றே ஏற்று, வெளிப்படையாகக் கூறிய திரிபு. மற்றொன்று, அறியாததை அறிந்ததுபோல் நிரப்பிய துணிவு. பின்வந்த நூற்றாண்டுகள் இரண்டாவதைத் திருத்திக்கொண்டன. முதலாவதை உண்மை என்று எடுத்துக்கொண்டன. வேடிக்கையான வரலாறுதான்.

4. ஆதியாகமமும் அட்லசும்

மெர்க்காட்டரின் பெருந்திட்டம் உலகப்படத்தோடு முடியவில்லை. அதே 1569-இல் அவர் காலக்கணக்கு நூல் ஒன்றை வெளியிட்டார். திருமறை நிகழ்ச்சிகளையும் பிற பேரரசுகளின் வரலாற்றையும் கிரகணக் கணக்குகளின் துணையால் இணைக்க முயன்ற நூல் அது. 1592-இல் நான்கு நற்செய்திகளையும் ஒத்திசைவித்து மற்றொரு நூல் எழுதினார். 1594-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் அவர் காலமானார். அடுத்த ஆண்டில் அவர் மகன் ரூமோல்டு தந்தையின் முற்றுப்பெறாத பெருநூலை வெளியிட்டார். நிலப்படத் தொகுப்பிற்கு ‘அட்லஸ்’ என்னும் பெயர் நிலைத்தது அந்நூலாலேயே. உலகைத் தோளில் சுமந்த அரக்கனை எண்ணி மெர்க்காட்டர் அப்பெயரை இட்டார் அல்லர். வானியலில் வல்லவனாகக் கருதப்பட்ட மொரித்தானியா நாட்டு அரசன் ஒருவனை எண்ணியே இட்டார்.

அந்நூலைத் திறப்பவர் முதலில் காண்பது நிலப்படத்தை அன்று; படைப்பின் ஆறு நாட்களைக் குறித்த நீண்டதோர் ஆதியாகம விளக்கத்தை. படைத்தவரை அறியாமல் படைப்பை வரைய இயலாது என்பது மெர்க்காட்டரின் துணிபு. இத்துணிபை நாம் மதிக்கிறோம். ஆனால் அவ்விளக்கம் ஆதியாகமத்தை இயற்கை நூலாக வாசிக்கிறது. ஆறு நாட்களின் வரிசையைப் பொருள்கள் தோன்றிய முறைக்கு விளக்கமாகக் கொள்கிறது. துருவத்தை நிரப்பிய அதே மனப்பாங்கு இங்கும் தலைகாட்டுகிறது. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி, இடைவெளியே இல்லாமல் அமையவேண்டும் என்று அது விரும்புகிறது. நான்கு நற்செய்தியாளரும் நான்கு வகையாகக் கூறுவதை ஒன்றாக்கினால் ஒரு வரலாறு கிடைக்கலாம். ஆனால் மத்தேயுவின் குரலும் யோவானின் குரலும் அங்கே மங்கிவிடும். கடல் வரைபடத்தில் ஒன்றைக் காக்க ஒன்றை இழக்கவேண்டும் என்று கண்டவர், திருமறையில் எதனையும் இழவாமல் எல்லாவற்றையும் ஒரே தளத்தில் விரித்துவிடலாம் என்று நம்பியது வியப்பிற்குரியது.

5. இடம் மாறிய படமும் திருச்சபையின் மறுமொழியும்

மாலுமியின் அறையிலிருந்து பள்ளிச்சுவருக்கு இப்படம் இடம்பெயர்ந்தபோதே தீங்கு தொடங்கியது. 19, 20-ஆம் நூற்றாண்டுகளில் உலகை ஒருங்கே காட்டும் பொதுப்படமாக அது பள்ளிகளிலும் நூல்களிலும் பரவியது. தலைப்பு மறைந்தது, படம் நின்றது. ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் பெருத்துத் தோன்ற, ஆப்பிரிக்காவும் இந்தியாவும் தென் அமெரிக்காவும் சிறுத்தன. பேரரசுகளின் காலத்தில் இக்காட்சி ஆட்சியாளர்களுக்கு உவப்பாக இருந்தது என்பதில் ஐயமில்லை. அருட்பணிக் கூட்டங்களிலும் இத்தகைய படங்களே விரிக்கப்பட்டன. ஒளி பெற்ற பெரிய நாடுகள், இருளில் கிடக்கும் சிறிய நாடுகள் என்னும் எண்ணத்திற்குக் கண்ணும் துணைபோயிற்று.

இவ்விடத்தில் வில்லியம் கேரியை நினைவுகூர்தல் தகும். தாள்கள் பலவற்றை ஒட்டி அவர் செய்த பெரிய உலகப்படம், அவர் செருப்புத் தைத்த அறையின் சுவரில் இருந்தது. அதில் ஒவ்வொரு நாட்டின் மக்கள்தொகை, சமயம் முதலியவற்றை அவர் எழுதி வைத்திருந்தார். 1792-இல் அவர் வெளியிட்ட சிறுநூலில் நாடுகளின் நீள அகலங்களும் மக்கள்தொகையும் அட்டவணைகளாக இடம்பெற்றன. அவருடைய கணக்குகளில் பிழைகள் உண்டு. அவர் காலத்தின் முன்முடிவுகளும் உண்டு. எனினும் கண்ணுக்குத் தோன்றும் பரப்பை அவர் நம்பியிருக்கவில்லை, எண்ணிப் பார்த்தார். எண்ணியபோது மனிதர் தெரிந்தனர்.

1973-இல் ஆர்னோ பீட்டர்ஸ் என்னும் ஜெர்மானிய வரலாற்றாசிரியர் பான் நகரில் புதியதோர் உலகப்படத்தை வெளியிட்டு, மெர்க்காட்டரின் படம் ஐரோப்பிய ஆதிக்கத்தின் சின்னம் என்று குற்றஞ்சாட்டினார். அவருடைய படம் பரப்பளவைச் சரியாகக் காட்டியது. திருச்சபைகளும் கிறிஸ்தவ உதவி நிறுவனங்களும் அதனை ஆர்வத்தோடு வரவேற்று, பெருந்தொகையாக அச்சிட்டுப் பரப்பின. 1980-இல் வெளிவந்த பிராண்ட் குழுவின் அறிக்கையும் அப்படத்தை அட்டையில் தாங்கியது. ஏழை நாடுகளின் உண்மை அளவைக் காணவேண்டும் என்னும் அந்த வேட்கை நீதியானது. அதனை நாம் முழுமனதோடு ஏற்கிறோம்.

ஆனால் அப்படத்தைப் பற்றிய உரைகள் ஏற்கத்தக்கவை அல்ல. பரப்பளவைக் காக்கும் படங்கள் பீட்டர்ஸுக்கு முன்பே இருந்தன. லாம்பர்ட் 1772-இலும் மோல்வைடு 1805-இலும் அத்தகையவற்றை அமைத்திருந்தனர். பீட்டர்ஸின் கோட்டமைப்பையே ஜேம்ஸ் கால் என்னும் எடின்பரோ நகரத்துப் போதகர் 1855-இல் ஓர் அறிவியல் கூட்டத்தில் எடுத்துரைத்திருந்தார். திருச்சபைகள் தமக்குள்ளேயே தோன்றிய ஒருவரை மறந்து, அவர் கண்டதைப் புதியதாகக் கொண்டாடின. மேலும் அப்படம் பரப்பைக் காக்க உருவத்தைப் பலியிடுகிறது. பூமத்தியரேகையை அடுத்த நாடுகள் வடக்குத் தெற்காக இருமடங்கு நீண்டு தொங்குகின்றன. எல்லாவற்றையும் உள்ளபடி காட்டும் தட்டைப்படம் இருக்க முடியாது என்பது கணிதம் ஐயமின்றிக் காட்டியது. வட அமெரிக்கப் புவியியல் அமைப்புகள் 1989-இல் ஒரு தீர்மானம் நிறைவேற்றி, செவ்வக வடிவான எந்த உலகப்படத்தையும் பொதுப்படமாகப் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டன. அக்கண்டனம் மெர்க்காட்டருக்கும் பீட்டர்ஸுக்கும் ஒருங்கே பொருந்தும். 2018-இல் பரப்பையும் காத்து உருவத்தையும் பெருமளவு பேணும் ‘சம பூமி’ என்னும் கோட்டமைப்பு வெளிவந்தது. 2025-இல் ஆப்பிரிக்க ஒன்றியம் மெர்க்காட்டர் படத்தைக் கைவிடக் கோரும் இயக்கத்திற்கு ஆதரவளித்தது. அக்கோரிக்கை 1569-ஆம் ஆண்டின் மாலுமிப் படத்திற்கு எதிரானதன்று; இடம் மாறி வந்து சுவரை ஆண்டுகொண்ட படத்திற்கு எதிரானது.

6. நாம் வரையும் படங்கள்

இவ்வழக்கில் இறையியலுக்குள்ள பங்கு யாது? நம் கோட்பாடுகளும் விசுவாச அறிக்கைகளும் ஒருவகையில் நிலப்படங்களே. உருண்டையான ஒன்றைத் தட்டையான சொற்களில் விரித்துக் காட்டுபவை அவை. நிசேயா விசுவாச அறிக்கையை எடுத்துக்கொள்வோம். 325-ஆம் ஆண்டில் குமாரனுடைய தெய்வத்துவம் பற்றி எழுந்த பூசலுக்கு மறுமொழியாகத் தோன்றியது அது. அந்நோக்கத்திற்கு அதன் ஒவ்வொரு சொல்லும் நேர்கோடு. ஆனால் இன்று நாம் அறிக்கையிடும் வடிவில், கன்னி மரியாளிடமிருந்து பொந்தியு பிலாத்துவிடம் ஒரே மூச்சில் வந்துவிடுகிறோம். இடையில் கலிலேயா இல்லை, தொழுநோயாளர் இல்லை, ஆயக்காரரோடு அமர்ந்த பந்தி இல்லை. இது அறிக்கையின் குற்றமன்று. அதனைச் சுவிசேஷத்தின் முழுப்படமாகச் சுவரில் மாட்டியது நம் குற்றம். விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல் என்னும் சீர்திருத்தக் கோட்பாட்டிற்கும் இதனைக் கூறலாம். மனச்சான்றின் கொந்தளிப்பில் வழிதேடியோர்க்கு அது திசை காட்டியது; அதே வேளையில் யாக்கோபின் நிருபம் அப்படத்தில் சிறுத்துப்போயிற்று.

1980-களில் நம் நாட்டில் எழுந்த தலித் இறையியல் இக்கேள்வியையே எழுப்பியது: உங்கள் படத்தில் நாங்கள் எந்த அளவில் வரையப்பட்டிருக்கிறோம்? அக்கேள்விக்கு, உங்களை மறந்ததில்லை என்று கூறித் தப்புவது போதாது, அளந்து காட்டவேண்டும். சிறுத்துப்போனவர் தம் அளவைக் கேட்பது உரிமை. அதே சமயம், புதிதாக வரையப்படும் படமும் ஒரு நோக்கத்திற்காக வரையப்படுவதே என்பதை வரைவோர் மறவாதிருத்தல் நலம். பீட்டர்ஸின் படத்திற்கு நேர்ந்தது நல்ல வழக்கிற்கும் நேரக்கூடும்.

மெர்க்காட்டரிடம் நாம் கற்கவேண்டியது அவர் கணிதத்தை அன்று. படத்தின்மேலேயே அவர் எழுதிவைத்த தலைப்பையும் குறிப்பையும் கற்கவேண்டும். இது யாருக்காக, எதனைக் காக்கிறது, எதனைப் பெருக்குகிறது, எங்கே பயன்படாது. இந்நான்கையும் ஒவ்வொரு விசுவாச அறிக்கையின் ஓரத்திலும், ஒவ்வொரு பிரசங்கத்தின் ஆயத்தத்திலும், ஒவ்வோர் அருட்பணித் திட்டத்தின் முதற்பக்கத்திலும் எழுதிப் பழகுவோமாக. நம் வகுப்பறைகளில் உலகப்படம் ஒன்று தொங்குமாயின், அதனருகே ஒரு புவிக்கோளமும் இருக்கட்டும். மாணவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.